மண்ணுக்குள்ள போன நண்டைத் தோண்டாதீங்க

போன வாரம் நியூ ஜெர்சியிலேருந்து ஒரு வாசகி மெசேஜ் பண்ணியிருந்தாங்க. சம்மர் லீவுல பீச்சுக்குப் போனப்ப அங்க ஒரு கடையில கம்பிக்கூண்டோட, பெயின்ட் அடிச்ச சங்குல இருந்த துறவி நண்டு (ஹெர்மிட் கிராப்) ஒண்ணை அவங்க பொண்ணு அடம்பிடிச்சு வாங்கியிருக்கா. ரெண்டு மாசம் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சாம், அப்புறம் பத்து நாளா மூலையிலயே கெடந்துச்சு, சாப்பிடல, கண்ணு மங்கிப் போச்சு, அன்னைக்குக் காலையில பாத்தா சங்கு வாசல்ல காலும் கொடுக்குமா ஒரு குவியல் வெளிய கெடக்கு, அசைவே இல்ல. "அக்கா, செத்துடுச்சா? பொண்ணு ஸ்கூல்லேருந்து வர்றதுக்குள்ள எடுத்துப் போட்டுடவா?"

எடுத்துப் போடாதீங்க, தொடவே தொடாதீங்க, கிட்ட போய் மோந்து மட்டும் பாருங்கன்னு உடனே பதில் போட்டேன். நாத்தம் இல்லன்னாங்க. செத்த நண்டு நாறும், மீன் மார்க்கெட் சாயங்கால நாத்தம், ஒரு நாள் ரெண்டு நாள்ல ரூம் முழுக்கத் தெரியும். நாத்தம் இல்லாம காலும் கொடுக்கும் வெளிய கெடந்தா, அது நண்டு கழட்டிப் போட்ட பழைய ஓடு. நண்டு சங்குக்குள்ள உயிரோட இருக்கு.

நான் ஏன் அவ்ளோ பதறினேன்னா, இதே சூழ்நிலையில நான் ஒரு நண்டைக் கொன்னிருக்கேன். என் முதல் நண்டு மண்ணுக்குள்ள போய் மூணு வாரம் ஆகியும் வரலைன்னு ஸ்பூனால மெதுவா தோண்டிப் பாத்தேன். ஒரு சின்ன குகை மாதிரி செஞ்சு அதுக்குள்ள படுத்திருந்துச்சு. வெளிறின ரோஸ் நிறம், ஈரப் பளபளப்பு, கால்ல என் விரல் பட்ட எடத்துல குழி விழுந்துச்சு, விழுந்த குழி திரும்ப எழும்பவே இல்ல. மறுநாள் செத்துப் போச்சு. அன்னைக்கு எனக்குத் தெரியாம போன விஷயத்தைத்தான் இப்ப எழுதறேன்.

ரெண்டு வார்த்தையை முதல்ல பிரிச்சுக்கலாம். சங்குன்னு நான் சொல்றது நத்தை விட்டுட்டுப் போன வீடு, அது நண்டோடது இல்ல, வளர வளர பெரிய சங்கா தேடி மாறிக்கும். ஓடுன்னு சொல்றது அதோட சொந்த உடம்பு மேல இருக்குறது, கால், கொடுக்கு, தலை எல்லாத்தையும் மூடின கைட்டினும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்த கவசம். ஸ்கூல்ல படிச்ச கணுக்காலிகள் பாடம்தான், வெளியெலும்பு வளராது, அதனால வளரணும்னா கழட்டியே ஆகணும். பாம்பு சட்டை உரிக்கிறதோட இதை ஒப்பிட்டுப் பேசுவோம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. பாம்பு உரிக்கிறது தோலை மட்டும்தான், எலும்பு உள்ள அப்படியே பத்திரமா இருக்கு. நண்டு கழட்டறது எலும்புக்கூட்டையே. அதுவும் வெளிப்பக்கம் மட்டும் இல்ல, கண்ணு மேல இருக்குற மூடி, செவுளோட மேல்தோல், வயித்துக்குள்ள சாப்பாட்டை அரைக்கிற பல்லு மாதிரி இருக்கே அது, எல்லாமே பழைய ஓட்டோட சேந்து வெளிய வரும்.

எப்ப கழட்டணும்னு முடிவு பண்றது ரெண்டு ஹார்மோன். கண் காம்புக்குள்ள ஒரு சுரப்பி 'இப்ப வேணாம், இப்ப வேணாம்'னு ஒரு ஹார்மோனை விட்டுக்கிட்டே இருக்கும், அது குறையும்போது தலைப்பக்கம் இருக்குற இன்னொரு சுரப்பி ஓடு உரிக்க வைக்கிற எக்டைசோன் வகை ஹார்மோனை அதிகமா சுரக்க ஆரம்பிக்கும். 1905லயே சார்லஸ் செலினிங்கிற உயிரியல் ஆராய்ச்சியாளர், ஃபிட்லர் நண்டுங்களோட கண் காம்பை எடுத்துட்டா அதுங்க சீக்கிரமே ஓடு உரிக்குதுன்னு பாத்து எழுதியிருக்காரு. நம்ம கிழக்குக் கடற்கரைப் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகங்கள்ல தாய் இறாலோட ஒரு கண் காம்பை வெட்டறது இதே சுரப்பியை வச்சுத்தான், முட்டை முதிர்றதைத் தள்ளிப் போடற ஹார்மோனும் அங்கதான் இருக்கு. அந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமா பிடிக்கல. ஆனா அந்தத் தொழில்ல பணம் இருந்ததாலதான் இந்த ஹார்மோன்களைப் பத்தி இவ்ளோ ஆராய்ச்சி நடந்திருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

சிக்னல் வந்ததும் பழைய ஓட்டுக்கு அடியில புது ஓடு மெல்லிசா உருவாகும், நடுவுல ஒரு திரவம் ஊறி பழைய ஓட்டோட உள்பக்கத்தைக் கரைக்கும். இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம்.

கொடுக்கை நல்லா பாருங்க, நுனிப்பக்கம் குண்டா சதை, உடம்போட சேர்ற எடத்துல குச்சி மாதிரி ஒல்லியான மூட்டு. அந்தக் குண்டுச் சதை முழுக்க இந்த ஒல்லி மூட்டு வழியாத்தான் வெளிய வரணும். சின்ன அளவு கண்ணாடி வளையல் கையில மாட்டிக்கிச்சுன்னா சோப்பு போட்டு, கட்டைவிரலை உள்ள மடக்கி, கையை ஒடுக்கி உருவுவோம்ல, அதைத்தான் நண்டும் பண்ணுது, ஆனா அது சதையையே கரைச்சுக்குது! கெகார்சினஸ்னு கரீபியன் பக்கத்துத் தரை நண்டுல அளந்து பாத்திருக்காங்க, ஓடு உரிக்கிறதுக்கு முன்னாடி கொடுக்குச் சதையில 40 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சு போகுது. கால் சதை அப்படிக் குறையறதில்ல, கொடுக்குல மட்டும்தான், ஏன்னா அங்கதான் வாசல் சின்னது. வெளிய வந்ததுக்கப்புறம் திரும்ப சதை கட்டும்.

சரி, வெளிய வந்தாச்சு, எலும்பே இல்லாத ஒரு ஈரப்பை. தசை வேலை செய்யணும்னா பிடிச்சு இழுக்க கெட்டியா ஏதாவது வேணுமே, அப்புறம் எப்படி அது நகருது? கடல் நண்டு தண்ணியைக் குடிச்சு உடம்பை உப்ப வச்சுக்கும், அந்தத் தண்ணியோட அழுத்தமே எலும்பு மாதிரி தாங்கும், 2003ல டெய்லர், கையர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நீல நண்டுல இதைக் காட்டினாங்க. ஆனா தரை நண்டுக்கு அவ்ளோ தண்ணிக்கு எங்க போறது? 2006ல அதே ரெண்டு பேரும் கெகார்சினஸ் நண்டுல பாத்தது என்னன்னா, அது காத்தை முழுங்குது. குடல்ல காத்து நிறைஞ்சு ஊதி, அந்தக் காத்து உடம்புத் திரவத்தை அழுத்தி, அந்த அழுத்தம் கொடுக்கு நுனி வரைக்கும் போய் விறைப்பைக் குடுக்குது. குடல்ல காத்தோட அழுத்தம் ஏறினா கொடுக்குக்குள்ளயும் ஏறுது, இறங்கினா அங்கயும் இறங்குது. சைக்கிள் டியூப்ல காத்து மட்டும்தான இருக்கு, ஆனா அது மேல ரெண்டு பேர் டபுள்ஸ் போறோம்ல, அதே கதை. இதை முதல் தடவை படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல, வெறும் காத்தை எலும்பா வச்சுக்கிட்டு ஒரு உயிர் அந்த நாளுங்களைத் தாண்டுதே!

கெகார்சினஸ் நம்ம துறவி நண்டுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனா தரையில இருக்குறதால தண்ணிக் கஷ்டம் ரெண்டுக்கும் ஒண்ணு. துறவி நண்டு முன்கூட்டியே நிறைய தண்ணி குடிச்சு வயித்துப் பக்கம் ஒரு பை மாதிரி சேத்து வச்சுக்கும், சங்குக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி சுமந்துக்கிட்டே திரியும். இப்ப என் விரல் பட்ட எடத்துல குழி விழுந்துச்சே, அது என்னன்னு புரியுதா? உள்ள இருந்தது அழுத்தம் மட்டும்தான், அதை நான் உடைச்சுட்டேன். ஓடு உரிக்கிற நேரத்துல வர்ற பெரிய எமர்ஜென்சியே நம்ம கைதான்.

நம்ம ஊர்ல பௌர்ணமி நண்டுல சதை இருக்காது, அமாவாசை நண்டு வாங்குன்னு சொல்லுவாங்கல்ல. நிலாவை விட்டுட்டு மார்க்கெட்ல நண்டைக் கையில தூக்கிப் பாருங்க. அளவுக்கேத்த கனம் இல்லாம, ஓடு புத்தம்புதுசா, அடிப்பக்கம் அமுக்கினா அமுங்குச்சுன்னா, அது சமீபத்துல ஓடு மாத்தினது, உடம்பு பெருசாகிடுச்சு ஆனா உள்ள தண்ணிதான், சதை இன்னும் ரொம்பல.

அடுத்தது கெட்டியாகறது. பழைய ஓட்டுலேருந்து கரைச்சு எடுத்த கால்சியம் கொஞ்சம்தான் கையில இருக்கும், கடல் நண்டு மாதிரி கடல்தண்ணியிலேருந்து உறிஞ்சிக்க முடியாது, அதனால துறவி நண்டு தன்னோட பழைய ஓட்டையே திங்கும். வாரக்கணக்குல உள்ள உக்காந்து அதைத்தான் கொறிச்சுக்கிட்டு இருக்கும். அசிங்கமா கெடக்குதேன்னு அந்தக் குவியலை எடுத்துக் குப்பையில போட்டீங்கன்னா, அதோட எலும்பையே எடுத்துப் போட்ட மாதிரி. தெரியாம எடுத்துட்டா கடல் நுரையைப் பொடி பண்ணி வைங்க, அதான் நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற கணவாய் ஓடு, வெளிநாட்டுல பறவைத் தீனி விக்கிற கடையில இருக்கும்.

நியூ ஜெர்சி நண்டுக்கு வருவோம். அது ஏன் மண்ணுக்கு மேலயே உரிச்சுச்சுன்னா, கூண்டுல மண்ணே இல்ல, விரல்கடை அளவுக்குக் கலர் கல்லு. துறவி நண்டு இருட்டுல, ஈரத்துல, மண்ணுக்குள்ள குகை கட்டித்தான் உரிக்கணும். குறைஞ்சது 15 செ.மீ. ஆழம், பெரிய நண்டுன்னா அதோட உயரத்தைப் போல மூணு மடங்கு, அஞ்சு பங்கு மணலுக்கு ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்து, பீச்சுல மணல் வீடு கட்டினா நிக்குமே அந்தப் பதத்துல ஈரம். கம்பிக்கூண்டு கூடவே கூடாது, மூடி போட்ட கண்ணாடித் தொட்டிதான், ஏன்னா செவுள் ஈரமா இருந்தாத்தான் மூச்சு, காத்துல ஈரப்பதம் 75லேருந்து 85 சதவீதம் வரைக்கும் இருக்கணும், சூடு 24லேருந்து 29 டிகிரி செல்சியஸ். வறண்ட கூண்டுல அது உடனே சாகாது, மாசக்கணக்குல மூச்சுத் திணறித் திணறி சாகும், கடைக்காரரு "இதுங்க ஆயுசே அவ்ளோதாங்க"ம்பாரு. நல்லா வளர்த்தா 30 வருஷம் தாண்டும். தண்ணி ரெண்டு கிண்ணம், ஒண்ணு குளோரின் எடுத்த நல்ல தண்ணி, ஒண்ணு மீன் தொட்டிக்கு விக்கிற கடல் உப்பு கலந்தது, சமையல் உப்பு போடாதீங்க. வாரம் ஒரு தடவை நண்டைப் புடிச்சு தண்ணியில முக்கணும்னு ஒரு பழக்கம் ஓடுது, அது வெறும் மூடநம்பிக்கை, தேவைப்பட்டா அதுவே கிண்ணத்துல எறங்கும்.

அவங்களுக்கு நான் சொன்னது இதுதான். நண்டை நகத்தாதீங்க. பெரிய கோலா பாட்டிலோட மேல் கீழ் ரெண்டையும் வெட்டிட்டு, நடு வளையத்தை நண்டையும் பழைய ஓட்டையும் சுத்தி நிறுத்துங்க, வேற நண்டு இருந்தா அதுங்களைத் தனியா மாத்துங்க, மெத்துன்னு இருக்குற நண்டு மத்த நண்டுங்களுக்குச் சாப்பாடு. கூண்டைச் சுத்தி பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ள குளோரின் இல்லாத தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சு வைங்க, மேல கறுப்புத் துணி. நண்டு மேல தண்ணி தெளிக்க வேணாம்.

மண்ணுக்குள்ள போன நண்டுன்னா இன்னும் சுலபம், ஒண்ணுமே பண்ணாதீங்க. சின்னது ரெண்டுலேருந்து நாலு வாரம், பெருசு ரெண்டு மாசத்துக்கு மேலகூட எடுக்கும். தொட்டி அடியில தண்ணி தேங்கி மண்ணு புளிச்ச நாத்தம் அடிச்சா மட்டும்தான் தோண்டணும், அப்பவும் ஓரத்துலேருந்து கையால, சுத்தி இருக்குற மண்ணோட சேத்து அள்ளி வேற டப்பாவுக்கு. கால் ஒண்ணு கழண்டு விழுந்தா பயப்படாதீங்க, நண்டு தானே கழட்டிவிடும், அதுக்குன்னே ஒரு முறிவுக் கோடு இருக்கு, ரத்தம் போகாம உடனே மூடிக்கும், அப்புறம் அந்த எடத்துல ஜெல்லி மாதிரி ஒரு குட்டிக் கால் மொளைக்கும், அடுத்த ஓடு உரிக்கிறப்ப விரியும். வாங்கின புதுசுல காலா உதிருதுன்னா அது தாங்க முடியாத அதிர்ச்சி, இருட்டும் ஈரமும் குடுத்து விட்டுடுங்க. சங்கை விட்டு அம்மணமா வெளிய வந்துட்டா ஒரு சின்ன கப்புல குளோரின் இல்லாத தண்ணி துளி விட்டு, அந்த நண்டையும் அளவான சங்கு ரெண்டு மூணையும் வச்சு மூடுங்க, பெரும்பாலும் தானே ஏறிக்கும். பெயின்ட் அடிச்ச சங்கு வேணாம், உரியற பெயின்டையும் அது தின்னும்.

இவ்ளோ சொல்லிட்டு, வாங்காதீங்கன்னும் சொல்லணும். கடையில விக்கிற துறவி நண்டு கிட்டத்தட்ட எல்லாமே கடற்கரையிலேருந்து புடிச்சது. குஞ்சுங்க கடல்ல மெதந்து பல பருவம் மாறி, குட்டிச் சங்கு தேடி ஏறித்தான் கரைக்கு வருது, அதை வீட்டுல வளர்த்து எடுத்தவங்க ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேரு. இறாலுக்குக் குடுக்குற ஆராய்ச்சிப் பணத்துல ஒரு துளி இதுக்கும் வரணும்னு நான் மனசார நினைக்கிறேன். ஜப்பான்ல 1970லயே இதுங்களை பாதுகாக்க வேண்டிய இயற்கைச் சின்னமா அறிவிச்சுட்டாங்க. இன்னொரு பக்கம் இந்தியப் பெருங்கடல்ல இருக்குற கொக்கோஸ், பசிபிக்ல இருக்குற ஹென்டர்சன் தீவுகள்ல ஒதுங்குன பிளாஸ்டிக் பாட்டிலுக்குள்ள மாட்டிச் செத்த துறவி நண்டுங்க சுமார் 5,70,000ன்னு கணக்கு சொல்றாங்க. ஒண்ணு உள்ள போய் வெளிய வர முடியாம செத்தா அந்த வாசனை மத்ததுக்கு 'இங்க ஒரு சங்கு காலியாச்சு'ங்கிற சேதி, அடுத்தது உள்ள போகும், அதுவும் சாகும்.

நேத்து ராத்திரி அவங்க ஒரு போட்டோ அனுப்பினாங்க, துணியை லேசா விலக்கி டார்ச் அடிக்காம எடுத்தது. பழைய ஓட்டுல பெரிய கொடுக்கு பாதி இல்ல, ஓரம் எல்லாம் கொறிச்ச தடம். சங்கு வாசல்ல ரெண்டு கண்ணு, கறுப்பா, பளிச்சுன்னு. பொண்ணு கூண்டு மேல 'தொடாதே'ன்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருக்கா.