சர்வதேச உறவுகள் கேள்வியில் மார்க் எங்கே போகிறது?

மொரீஷியஸில் இருந்துகொண்டு யுபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் ஊரில் பலர் நம்புவதில்லை. எபேன் சைபர் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள், துணி ஆலை மேலாளர்களின் மகன்கள், மகள்கள் என்று ஒரு சிறு கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களுக்கு மாலை வேளையில் மெயின்ஸ் என்னும் முதன்மை எழுத்துத் தேர்வின் விடைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். அரசியலமைப்பு, சமூக நீதி என்று மற்ற பகுதிகளில் ஆளுக்கொரு விதமாகத் தடுமாறுபவர்கள், சர்வதேச உறவுகள் வந்துவிட்டால் எல்லாரும் ஒரே இடத்தில் மார்க்கை விடுகிறார்கள். அந்த இடம் எது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் தகுதி பற்றி ஒரு சொல். இங்கேயே பிறந்து வளர்ந்த மொரீஷியஸ் தமிழர்களும் அவ்வப்போது என்னிடம் விசாரிப்பதுண்டு. ஐஏஎஸ், ஐபிஎஸ், ஐஎஃப்எஸ் (வெளியுறவுப் பணி) மூன்றுக்கும் இந்தியக் குடியுரிமை கட்டாயம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை போதாது. மற்ற சில பணிகளுக்கு பர்மா, இலங்கை, கென்யா போன்ற நாடுகளிலிருந்து இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேற வந்த வம்சாவளியினர் விண்ணப்பிக்கலாம். அந்தப் பட்டியலில் மொரீஷியஸ் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான் இந்த வழி திறந்திருக்கிறது. சும்மா ஆசை காட்டிப் பணம் வாங்குபவர்கள் இருப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சரி, தாளுக்கு வருவோம். பொதுப் பாடம் இரண்டாம் தாளுக்கு 250 மதிப்பெண், 20 கேள்வி, மூன்று மணி நேரம். பத்து மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், பதினைந்துக்கு 250 சொல். இதில் சர்வதேச உறவுகளுக்குச் சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ 50 மதிப்பெண் வருகிறது. பாடத்திட்டத்தில் இதற்கு இருப்பதோ நான்கே வரி: இந்தியாவும் அண்டை நாடுகளும், இந்தியா இருக்கும் அல்லது இந்தியாவைப் பாதிக்கும் கூட்டமைப்புகள், ஒப்பந்தங்கள், மற்ற நாடுகளின் கொள்கைகள் இந்திய நலனிலும் புலம்பெயர்ந்த இந்தியர்களிடமும் ஏற்படுத்தும் விளைவு, சர்வதேச நிறுவனங்களின் அமைப்பும் அதிகாரமும். நான்கு வரிதானே என்று நினைத்துப் பலர் கடைசியில் தள்ளி வைக்கிறார்கள். அப்புறம் தேர்வு நெருங்கும்போது டெலிகிராமில் கிடைக்கும் கரண்ட் அஃபயர்ஸ் தொகுப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு, எந்த நாட்டுப் பிரதமர் எந்த நாட்டுக்குப் போனார் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தத் தொகுப்புகள் செய்திகளைத் தேதி வாரியாக அடுக்கித் தருகின்றன. கேள்வி தேதி வாரியாக வருவதில்லை. "இந்தியாவின் நிலைப்பாட்டை ஆராய்க", "இதன் விளைவுகளை மதிப்பிடுக" என்றுதான் வருகிறது. ஒரு விவகாரத்தை அடிவரை தெரிந்துகொள்ளாமல் அதை எழுத முடியாது.

ஒரு விடையையே காட்டுகிறேன். சாகோஸ் என்பது இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்கும் மொரீஷியஸுக்கும் இடையே நெடுநாள் தகராறில் இருந்த தீவுக்கூட்டம். நான் கொடுத்த பயிற்சிக் கேள்வி: "சாகோஸ் தீவுகள் விவகாரத்தில் இந்தியாவின் நிலைப்பாட்டையும் அதன் பின்னுள்ள நலன்களையும் ஆராய்க." ரோஸ் ஹில்லில் இருந்து எழுதும் ஒரு மாணவியின் விடை இப்படித் தொடங்கியது: "இந்தியாவும் மொரீஷியஸும் பன்னெடுங்காலமாக வரலாறு, பண்பாடு, மொழி ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட நெருங்கிய நட்பு நாடுகளாகும்." இதே பாணியில் இன்னும் இரண்டு வாக்கியம். 150 சொல்லில் முப்பதுக்கு மேல் போய்விட்டது, சாகோஸ் இன்னும் வரவில்லை. நட்பு என்பதை இலங்கைக்கும் எழுதலாம், பூட்டானுக்கும் எழுதலாம். திருத்துபவருக்கு அதில் மார்க் போட ஒன்றுமில்லை.

நான்காவது வாக்கியத்தில், "2019இல் சர்வதேச நீதிமன்றம் மொரீஷியஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது" என்று இருந்தது. அதில் வட்டம் போட்டேன்.

"ஏன் சார், தீர்ப்புதானே அது?"

"இல்லம்மா, ஆலோசனைக் கருத்து. கேட்டது ஐ.நா. பொதுச்சபை. பிரிட்டனைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால்தானே விவகாரம் 2019இலேயே முடியாமல் இழுத்தது?"

அந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் மீதிக் கதை தானாக வரிசைக்கு வரும். 1965 நவம்பர் 8ஆம் தேதி பிரிட்டன் சாகோஸைப் பிரித்துத் தனி ஆட்சிப்பகுதி ஆக்கியது. மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968 மார்ச் 12. விடுதலைக்கு முன் காலனியைத் துண்டாக்கியது சரியா என்பதே வழக்கின் வேர். குடியேற்ற ஆதிக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரும் 1960ஆம் ஆண்டு 1514ஆம் எண் தீர்மானம் இங்கேதான் பொருந்துகிறது. சாகோஸின் பெரிய தீவான தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க 1966இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதம் மாற்றிக்கொண்டன. அங்கே வாழ்ந்த மக்களை 1973க்குள் முழுவதுமாக வெளியேற்றினார்கள். மொரீஷியஸுக்கும் செஷல்ஸுக்கும் கப்பலேற்றிவிட்டார்கள். போர்ட் லூயியின் ரோஷ் புவா பக்கம் போனால் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். 2017இல் பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2019 பிப்ரவரி 25 அன்று, பிரிட்டன் தன் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மே 22 அன்று அதை ஒட்டிய தீர்மானம் பொதுச்சபையில் 116க்கு 6 என்று நிறைவேறியது; இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2024 அக்டோபரில் பிரிட்டன் மொரீஷியஸின் இறையாண்மையை ஒப்புக்கொண்டது. 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது: இறையாண்மை மொரீஷியஸுக்கு, தியேகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. கையெழுத்தான ஒப்பந்தம் வேறு, நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் வேறு. இடையில் நாடாளுமன்றம் இருக்கிறது, உள்நாட்டுச் சட்டம் இருக்கிறது, வாஷிங்டனின் மனநிலை இருக்கிறது. "சாகோஸ் மொரீஷியஸுக்குத் திரும்பிவிட்டது" என்று ஒரே வரியில் எழுதாமல், தேர்வுக்கு முந்தைய வாரம் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். எந்த ஒப்பந்தத்துக்கும் இதே பழக்கம்தான்.

இனி இந்தியாவின் நலன். பெரும்பாலான விடைகள் "இந்தியா காலனியாதிக்கத்தை எதிர்க்கிறது" என்பதோடு நின்றுவிடுகின்றன. 1970களைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலமாக இருக்க வேண்டும் என்று 1971இல் இலங்கை முன்னெடுத்த ஐ.நா. தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. தியேகோ கார்சியா தளத்தைக் கடுமையாக எதிர்த்தது. 2025இலோ, அதே தளம் 99 ஆண்டுக்கு அங்கேயே இருக்க வழிசெய்யும் ஒப்பந்தத்தை இந்தியா வரவேற்றது. இடையில் என்ன மாறியது? சோவியத் யூனியன் இல்லை, சீனக் கடற்படை இந்தப் பக்கம் வந்துவிட்டது, அமெரிக்காவுடன் உறவு வேறாகிவிட்டது. மொரீஷியஸின் இறையாண்மையை ஆதரித்துக்கொண்டே தளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் வசதியை அந்த ஒப்பந்தம் டெல்லிக்குக் கொடுக்கிறது. என் கணிப்பில், இந்த மாற்றத்தை நான்கு வாக்கியத்தில் சொல்பவருக்கும் நட்புறவு பாடுபவருக்கும் நடுவில் மூன்று மதிப்பெண் இருக்கிறது.

வரைபடம் பார்க்காமல் படிப்பது அடுத்த கோளாறு. அகலேகாவையும் தியேகோ கார்சியாவையும் ஒன்றாக்கி எழுதியவர்களை நிறையவே பார்த்துவிட்டேன். அகலேகா எப்போதும் மொரீஷியஸின் கையில்தான் இருக்கிறது; போர்ட் லூயிக்கு வடக்கே சுமார் 1,100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. இந்தியா அங்கே கட்டிக்கொடுத்த விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன. "இந்திய ராணுவத் தளம்" என்று எழுதிவிடாதீர்கள். இரு அரசுகளும் அதை மறுத்திருக்கின்றன. இங்குள்ள பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் கேள்வி கேட்டபடிதான் இருந்தன. இரண்டையும் சொல்லிவிட்டு, கடல் கண்காணிப்புக்கு அந்த இடம் எப்படி உதவும் என்று எழுதுங்கள்.

வரைபடத்தை எடுத்த கையோடு ரீயூனியனையும் பாருங்கள். பக்கத்துத் தீவு, ஆனால் பிரான்சின் மாவட்டம். ஐஓசி என்னும் இந்தியப் பெருங்கடல் ஆணையத்தில் கொமொரோஸ், மடகாஸ்கர், மொரீஷியஸ், செஷல்ஸ் ஆகியவற்றோடு பிரான்ஸ் இருப்பது இதனால்தான். அதில் இந்தியா வெறும் பார்வையாளர், 2020 முதல். ஐஓஆர்ஏ என்னும் இந்தியப் பெருங்கடல் விளிம்பு நாடுகள் சங்கத்திலோ 1997இலிருந்தே இந்தியா உறுப்பினர். இரண்டின் செயலகமும் இங்கே எபேனில்தான் இருக்கின்றன. என் மாணவர்களில் சிலர் தினமும் அந்தப் பக்கமாகத்தான் ஆபீஸ் போகிறார்கள், ஆனால் இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள்! பிரிலிம்ஸ் என்னும் முதல்நிலைத் தேர்வில் இப்படிப்பட்ட குழப்பத்தைத்தான் தேடிப் பிடித்துக் கேட்பார்கள்.

இந்தியப் பெருங்கடல் பகுதியில் எல்லாருக்கும் பாதுகாப்பு, வளர்ச்சி என்னும் சாகர் கொள்கையை 2015 மார்ச்சில் மொரீஷியஸில்தான் பிரதமர் மோடி அறிவித்தார், அதை விரிவாக்கிய மகாசாகரை 2025 மார்ச்சில் இங்கேயேதான். "சாகர் கொள்கை முக்கியமானது" என்று எழுதுவதற்குப் பதில், 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி ஆகஸ்ட்டில் எண்ணெய் கசிந்தபோது, இந்தியா 30 டன் கருவிகளோடு கடலோரக் காவல்படையினரையும் அனுப்பியதை ஒரு வரியில் சொல்லலாம். உதாரணம் வந்தாலே உரிச்சொற்கள் தானாகக் குறைந்துவிடும்.

வரி ஒப்பந்தத்தைப் பொருளாதாரப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம் 1982இல் கையெழுத்தானது. இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டில் பெரும்பங்கு நெடுங்காலம் இந்தச் சிறு தீவின் வழியாக வந்ததற்கு இதுவே காரணம்: பங்கை விற்ற லாபத்துக்கு இந்தியாவில் வரியில்லை, இங்கேயும் இல்லை. 2016இல் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியாவே வரி போடலாம் என்றாக்கினார்கள். நட்பு நாட்டின் வருமானத்தில் கைவைக்க வேண்டியிருந்தது, அதை ஈடுகட்ட உதவித் திட்டங்களும், 2021இல் ஒரு வணிக ஒப்பந்தமும் வந்தன. ஆப்பிரிக்க நாடொன்றுடன் இந்தியா செய்த முதல் வணிக ஒப்பந்தம் அது. வெளியுறவில் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். கலைச்சொல்லுக்கு ஆங்கிலத்தை அடைப்புக்குறியில் போட விதியே அனுமதிக்கிறது, கூச்சப்படாமல் போடுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு தமிழ்ப் பெயர் மட்டும் வேண்டாம்.

எதைப் படிப்பது? வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கூட்டறிக்கைகளும் நாடாளுமன்றக் கேள்வி பதில்களும் இலவசமாகக் கிடக்கின்றன. டெல்லி எந்தச் சொல்லை எடுத்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அங்கே தெரியும். நல்ல ஆங்கில நாளிதழ் ஒன்று போதும். இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வசதி கூட உண்டு: கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்தால், இந்தியாவின் அதே நடவடிக்கை மறுகரையில் எப்படிப் பார்க்கப்படுகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் காலையிலேயே படித்துவிடலாம். சென்னையில் இருப்பவருக்கு அது கிடைக்காது.

மாதம் இரண்டு விவகாரம் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்கிறேன்: தொடக்கம், சட்டநிலை, யாருக்கு என்ன லாபம், இந்தியா அன்று சொன்னது, இன்று சொல்வது. புதுச் செய்தி வந்தால் அதே பக்கத்தின் ஓரத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். புதுத்தாள் கிடையாது.

இன்னொன்று: நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண். விண்ணப்பத்தில் மொரீஷியஸ் என்று இருந்தால் அதைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே தயாராகுங்கள். வரி ஒப்பந்தத்தை ஏன் திருத்தினோம், அகலேகா மக்கள் என்ன நினைக்கிறார்கள், இங்குள்ள தமிழர்கள் வீட்டில் கிரியோல் பேசிக்கொண்டே தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது எப்படி என்று கேட்கலாம். முதல் இரண்டுக்குக் குறிப்புப் பக்கம் உதவும். மூன்றாவதற்கு அக்கம்பக்கத்து வீடுகளில் போய்ப் பேசிப் பழகியிருக்க வேண்டும். அதை இந்த வாரமே தொடங்கலாம்.