பேரு பழசு, வண்டி புதுசு, கண்ணு அதே கண்ணு

2025 கடைசியில் சியரா என்ற பெயரை டாடா தூசி தட்டி எடுத்ததிலிருந்து காரைக்குடிப் பக்கத்துக் கார் பிரியர்கள் இரண்டு கட்சி. 1991ல் வந்த சியராவுக்கு மூன்றே கதவு. பின்பக்கம் கூரை வரை வளைந்து ஏறும், திறக்கவே முடியாத பெரிய கண்ணாடி. புதியதில் ஐந்து கதவு, அந்தக் கண்ணாடியின் சாயல் மட்டும். "சாயல் இருந்தா சியரா ஆயிடுமா?" என்று ஒரு கட்சி. "தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா?" என்று மறு கட்சி. மாருதி 1999ல் செடான் ஒன்றுக்கு வைத்த பலேனோ பெயரை 2015ல் ஹேட்ச்பேக்குக்கு வைத்தபோது இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. சான்ட்ரோ 2018ல் திரும்பி வந்து 2022ல் மறுபடி போனதும் பெரிய பேச்சாகவில்லை. சியரா, சஃபாரி என்றால்தான் ரத்தம் கொதிக்கிறது.

இந்தச் சண்டைக்கு நடுவே தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க வீட்ல பழைய சஃபாரி இருந்துச்சு, இப்ப புதுசு. பேர் ஒண்ணுதான், பவர் ரெண்டு மடங்கு. அப்ப ஓவர்டேக் பண்றதும் ரெண்டு மடங்கு பாதுகாப்புன்னு நான் சொல்றேன். பழசுல இருந்த பிடிமானம் இதுல இல்லைன்னு அப்பா சொல்றார். யார் சொல்றது சரி?"

பவர் விஷயத்தில் வாசகர் சொல்வது உண்மை. 1998ல் வந்த சஃபாரியின் டீசல் எஞ்சினுக்கு ஏறக்குறைய 90 குதிரைத்திறன். தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உடல், பின் சக்கரங்களுக்குப் போகும் இழுவை. 2021ல் அதே பெயரில் வந்தது டாடாவின் இன்னொரு காரான ஹாரியரின் அடித்தளத்தில் கட்டியது; 170 குதிரைத்திறன், இழுவை முன் சக்கரங்களில். பெயரைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயரை மறுபடி பயன்படுத்துவதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆனால் பழைய வண்டியில் பழகிய கால், பெயரை நம்பிப் புது வண்டியிலும் அதே கணக்கில் மிதிக்கும். அப்பா சொல்கிற பிடிமானத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் கேள்வியின் சிக்கல் எஞ்சினில் இல்லை. கண்ணில் இருக்கிறது.

திருமயத்திலிருந்து கீழச்சிவல்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 12 மீட்டர் நீளப் பஸ். நீங்கள் 80ல் முந்துகிறீர்கள். பஸ்ஸுக்கு 20 மீட்டர் பின்னால் விலகி, 20 மீட்டர் முன்னால் போய்ச் சேர வேண்டும். உங்கள் காரின் நீளத்தையும் சேர்த்தால் பஸ்ஸைவிட 56 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வித்தியாசம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக 10 வினாடி. அந்த 10 வினாடியில் நீங்கள் ஓடுவது சுமார் 225 மீட்டர். எதிரே ஒருவர் அதே 80ல் வந்தால் அவரும் 225 மீட்டர் ஓடியிருப்பார். நீங்கள் விலகும் நொடியில் உங்களுக்கும் அவருக்கும் நடுவே 450 மீட்டர் இருந்தாக வேண்டும். (இந்தச் சாலையில் 80 போகலாமா என்று கேட்காதீர்கள், எல்லாரும் போகிறார்கள்.)

இந்த 450 மீட்டரில் கண் என்ன பார்க்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இரண்டு கண்ணால் ஆழம் பார்க்கும் வித்தை சில பத்து மீட்டருக்கு அப்பால் கைகொடுக்காது. நேராக நம்மை நோக்கி வரும் வண்டி பக்கவாட்டில் நகர்வதும் இல்லை. அதன் பிம்பம் விழித்திரையில் பெரிதாவது ஒன்றுதான் மிஞ்சும் துப்பு. ஓர் அளவுகோலைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் கை நீட்டிப் பிடியுங்கள். 450 மீட்டரில் வரும், 1.7 மீட்டர் அகலமுள்ள கார் அந்த அளவுகோலில் 2.3 மில்லிமீட்டரை மறைக்கும். இருவரும் 80ல் போனால் இடைவெளி வினாடிக்கு 44 மீட்டர் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கியும் ஒரு வினாடி கழித்து அந்தக் கார் 2.5 மில்லிமீட்டர்தான் ஆகியிருக்கும். கூடியது கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

பிறகு நடப்பதைப் பாருங்கள். 2.3 மில்லிமீட்டர் இரட்டிப்பாக 5 வினாடி ஆகிறது. அது மறுபடி இரட்டிப்பாக இரண்டரை வினாடி. அடுத்த இரட்டிப்புக்கு ஒன்றேகால். அதற்கடுத்தது அரை வினாடிக்குச் சற்று மேல். பெட்டியடியில் வட்டிக் கணக்குப் பார்த்து வளர்ந்த ஊர் இது. கூட்டு வட்டி எப்படிக் குட்டி போடும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கூட்டு வட்டியில் கடன் இரட்டிப்பாகும் காலம் மாறுவதில்லை. முதல் இரட்டிப்புக்கு ஆறு வருடம் என்றால் அடுத்ததற்கும் ஆறு வருடம். இங்கே ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஆகும் காலம் முந்தியதில் பாதியாகிக்கொண்டே போகிறது. எந்த வட்டிக் கடையிலும் இல்லாத கொடுமையான கணக்கு. நெடுநேரம் ஒன்றுமே நடக்காதது போலிருந்துவிட்டு, கடைசி இரண்டு வினாடியில் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

இதற்குள் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. பிம்பத்தின் அளவை அது பெருகும் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். காரின் அகலம் மேலேயும் வரும், கீழேயும் வரும், அடிபட்டுப் போகும். மிஞ்சுவது தூரத்தை வேகத்தால் வகுத்த விடை, அதாவது மோதுவதற்கு மீதமிருக்கும் நேரம். வண்டி எவ்வளவு அகலம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று எதுவுமே தெரிய வேண்டாம்; ஒரே ஒரு வகுத்தல் போதும். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ 1976ல் வண்டி ஓட்டுபவர்கள் பிரேக் பிடிப்பதை இந்தக் கணக்கால் விளக்கினார். அந்த விகிதத்துக்கு டௌ என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார். மோத வரும் பொருள் இத்தனை வினாடி தூரத்தில் என்றால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் புறாவின் மூளையில் இருப்பதை 1992ல் கனடாவில் வாங், ஃப்ராஸ்ட் இருவரும் காட்டினார்கள். பொருள் பெரிதோ சிறிதோ, வேகமோ மெதுவோ, அந்த அணுவுக்குக் கவலையில்லை, நேரம்தான் கணக்கு.

வெட்டுக்கிளிக்கு இன்னும் எளிய ஏற்பாடு. அதன் ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் ஒரு பெரிய நரம்பணு, நம்மை நோக்கிப் பெருத்து வரும் எதையும் கண்டு அலறுவதற்கென்றே இருக்கிறது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கிளேர் ரிண்ட், பீட்டர் சிம்மன்ஸ் இருவரும் விண்வெளிச் சண்டைப் படத்தின் காட்சிகளை வெட்டுக்கிளிக்குப் போட்டுக்காட்டி அந்த அணுவின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். 2005ல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு. "பூச்சிக்குப் படம் காட்டவா மக்கள் பணம்?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த வெட்டுக்கிளி அணுவைப் பார்த்துத்தான் கார்களுக்கு மோதல் எச்சரிக்கை மின்சுற்றுகளை வடிவமைக்க முயன்றார்கள். பலன் எப்போது வரும் என்று தெரியாமல் பணம் போடுவதுதான் ஆராய்ச்சி. காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பேட்டரி போன்றவற்றை ஆராயும் மின்வேதியியல் ஆய்வகம் ஊருக்கு வர வேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். மின்சாரக் கார் பேட்டரியை மனதில் வைத்தா அன்றைக்குக் கொடுத்தார்? இன்றைக்கு நாமோ "உடனே என்ன லாபம்?" என்று கேட்டே ஆராய்ச்சிக் காசைச் சுருக்குகிறோம்.

சரி, சாலைக்கு வருவோம். வகுத்தல் அழகானதுதான், ஆனால் வகுக்கும் எண் ஓரளவு பெரிதாக இருந்தால்தான் விடை நிற்கும். மனிதக் கண்ணுக்கு "இது வேகமாக வருகிறது" என்று தெரியப் பிம்பம் வினாடிக்குச் சுமார் 0.003 ரேடியன் (கோணத்தை அளக்கும் அலகு) பெருக வேண்டும் என்பது சோதனைகளில் கிடைத்த அளவு. நமது அளவுகோலில் அது வினாடிக்கு 1.8 மில்லிமீட்டர். 450 மீட்டரில் கிடைப்பதோ 0.22, எட்டில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் கண் வினாடிக்கு 0.1 மில்லிமீட்டர் பிசகினாலும் 10 வினாடி என்று வர வேண்டிய விடை 7 என்றோ 18 என்றோ வந்துவிடும். 7 என்று தோன்றினால் பொறுமையாக பஸ் பின்னால் போவீர்கள். 18 என்று தோன்றினால்?

1.7 மீட்டர் அகலக் கார் அந்த 1.8 மில்லிமீட்டரைத் தொடுவது சுமார் 160 மீட்டரில். அப்போது மீதமிருப்பது மூன்றரை வினாடிக்குச் சற்று மேல். அதற்கு முன்பு நாம் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. "அங்கே ஒரு வண்டி இருக்கிறது" என்பதை மட்டும் பார்த்துவிட்டு, இந்த ரோட்டில் எல்லாரும் வருகிற வேகத்தில்தான் அவரும் வருவார் என்று ஊகிக்கிறோம். அவர் 110ல் வந்தாலும் ஊகம் மாறாது.

பவர் இதை மாற்றுமா? 170 குதிரையை முழுக்கத் தட்டி 100ல் முந்துங்கள். நேரம் 5 வினாடியாகக் குறையும், தேவையான இடைவெளி 250 மீட்டர். நல்ல லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகம் கூடியதால் கண்ணின் எல்லை 160லிருந்து 170 மீட்டர் அளவுக்குத்தான் நீள்கிறது. 250 இன்னும் அதற்கு வெளியே. முடிவெடுக்கும் நொடியில் 90 குதிரை வண்டிக்காரருக்கும் 170 குதிரை வண்டிக்காரருக்கும் ஒரே குருடு. பின்னவருக்குத் தைரியம் அதிகம் என்பதுதான் வித்தியாசம். கிடைத்த லாபத்தை இன்னும் சின்ன இடைவெளியில் நுழைந்து செலவழித்துவிடுகிறார்.

டூவீலர் என்றால் நிலைமை இன்னும் மோசம். முக்கால் மீட்டர்கூட இல்லாத அகலம் என்பதால் 100 மீட்டருக்கு வந்த பிறகுதான் அதன் வேகம் உறைக்கும். இரண்டேகால் வினாடி மிச்சம். ராத்திரியில் காரின் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இடைவெளி விரிவதாவது துப்பாகக் கிடைக்கும். ஒத்த லைட்டில் வருகிற லாரிக்கு அதுவும் இல்லை. அது பைக்கா, லாரியா, நிற்கிறதா, பறக்கிறதா எதுவும் தெரியாது. புதுவயல் அரிசி ஆலைகளுக்கு இரவில் லோடு ஏற்றி வரும் டிரைவர்களைக் கேளுங்கள், ஒத்த லைட்டைக் கண்டால் ஏன் சைடு வாங்க மாட்டோம் என்று சொல்வார்கள்.

இந்தக் குறையை நம் டிரைவர்கள் எப்போதோ உணர்ந்திருக்க வேண்டும். எதிரே வருகிறவர் லைட் அடித்தால் நம்மூரில் "நான் வந்துக்கிட்டே இருக்கேன், விலகாதே" என்று பொருள். உங்கள் கண்ணால் பார்க்க முடியாத வேகத்தை அவர் வாயால் சொல்கிற மாதிரி. முரட்டுத்தனம் என்று திட்டுகிறோம். எனக்கென்னவோ சாலையில் நடக்கும் மிக நேர்மையான பேச்சு அதுதான் என்று தோன்றுகிறது. லாரிக்காரரின் வலது இண்டிகேட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒருவர் "வராதே" என்று போடுவார், இன்னொருவர் "போ" என்று போடுவார், மூன்றாமவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்புவார். முந்துகிற காரின் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவதாகப் போகிற பழக்கம் எல்லாவற்றையும்விட மோசம். உங்களுக்குத் தெரிவது முன்காரின் டிக்கி மட்டும். அதன் அளவு மாறவே மாறாது, கண்ணுக்குச் சேதியே கிடையாது.

வளைவே இல்லாத நேரான சில இடங்களில் விபத்து திரும்பத் திரும்ப நடக்கும்போது "ரோடு காவு கேக்குது" என்பார்கள், முனி நடமாட்டம் என்பார்கள், கிடா வெட்டுவார்கள். நேராக இருப்பதே ஆபத்தின் ஒரு பகுதி. ராப் கிரே, டேவிட் ரீகன் இருவரும் 2000ல் வெளியிட்ட சோதனையில், காலியான நேர்சாலையில் சில நிமிடம் ஓட்டியவர்கள் முன்வண்டியை வழக்கத்தைவிட நெருங்கிய பிறகே முந்த விலகினார்கள். சாலையோரம் எல்லாம் விரிந்து விரிந்து பின்னால் ஓடுவதையே பார்த்து, "பெரிதாகிறது" என்று சொல்லும் நரம்புகள் சோர்ந்துபோகின்றன. நேரம் நிறைய இருப்பதாகக் கணக்குக் காட்டுகின்றன. புது வண்டியைப் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தில் ஏற்றி எடுப்பவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு கற்பக விநாயகர் கண்ணை மூடிக்கொண்டு முந்துவதையும் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் எனக்குச் சண்டை.

ரேடார் உள்ள புதுக் கார்கள் எதிரே வருவதன் வேகத்தை, பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து (டாப்ளர் முறை) நேரடியாகவே அளக்கின்றன, ஊகம் தேவையில்லை. ஆனால் அவற்றின் எட்டும் தூரம் பெரும்பாலும் 200 முதல் 300 மீட்டர். நம் 450க்கு அவையும் போதாது.

தேவகோட்டை வாசகருக்கு ஒரு வேலை தருகிறேன். சாலையோரத்தில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 200 மீட்டர் இடைவெளியில் நட்டது. ஒரு பகலில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போய், வண்டியை ஒரு கல்லுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, அங்கிருந்து இரண்டாவது கல்லையும் தாண்டி இன்னும் நாலு பஸ் நீளம் தள்ளி எதிரே வரும் காரைப் பாருங்கள். அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பிறகு அது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு வர எத்தனை வினாடி என்று போனில் அளந்து பாருங்கள். 9 வினாடி என்றால் 80. சீமைக்கருவேலம் மூடிய கல்லை விட்டுவிட்டு அடுத்த கல்லைப் பிடியுங்கள்.