சர்வருக்கு மறதி கற்றுக்கொடுத்த கதை

1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் முடங்கியது. வந்தது பெருவெள்ளமெல்லாம் இல்லை. விநாடிக்கு 200-ஐச் சுற்றித்தான் கோரிக்கைகள். அவ்வளவு சின்னத் தாக்குதலுக்கு ஒரு சர்வர் எப்படிப் படுத்தது?

நம் பிரவுசரும் சர்வரும் பேசத் தொடங்குமுன் மூன்று சொல் பரிமாறிக்கொள்ளும். "பேசலாமா?" என்று நாம் கேட்போம். "சரி, இந்தா ஒரு எண்" என்று சர்வர் சொல்லும். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி நாம் திருப்பி அனுப்பினால் இணைப்பு உறுதி. இடைப்பட்ட நேரத்தில், நம் பெயரை சர்வர் ஒரு வரிசையில் எழுதிவைத்துக் காத்திருக்கும்.

தாக்குபவர் பொய் அனுப்புநர் முகவரி போட்டுக் கேட்கிறார். சர்வரின் பதில் எங்கோ போய்விடுகிறது, மூன்றாவது சொல் வருவதே இல்லை. வரிசையில் 128 இடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு மூன்று பொய்க் கோரிக்கை போதும், வரிசை நிரம்பிவிடும். அப்புறம் உண்மையாக வருபவருக்கு இடமில்லை.

வரிசையை நீட்டலாம், காத்திருப்பைக் குறைக்கலாம். ஆனால் அதே மாதம் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது: எழுதியே வைக்காதே! 'சின் குக்கி' (SYN cookie) என்று அதற்குப் பெயர்; நாம் முதலில் கேட்கும் 'பேசலாமா?'வுக்குத்தான் 'சின்' என்று பெயர்.

சர்வர் தரும் அந்த எண் 32 பிட் நீளம். அதில் 5 பிட்டில் நேரக் கணக்கு, 3 பிட்டில் தரவுப் பொட்டலத்தின் (packet) அளவு பற்றிய குறிப்பு. மீதி 24 பிட்டில், இருபக்க முகவரிகளையும், எந்த வாசல் வழியாகப் பேச்சு என்று காட்டும் போர்ட் எண்களையும் நேரத்தையும் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியத்தோடு கலந்து அரைத்த முத்திரை. எண்ணை அனுப்பியதும் சர்வர் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். பதில் வந்தால் ஒன்றைக் கழித்து, முத்திரையை மறுபடி கணக்கிட்டு, பொருந்தினால் உள்ளே விடும். பொய் முகவரிக்காரர் கைக்கு அந்த எண் போய்ச் சேராது, ஊகிப்பதென்றால் 1.6 கோடிக்கும் மேல் வாய்ப்புகள். நினைவில் வைக்கும் சுமை கேட்டவர் தலைக்கு மாறிவிட்டது.

சில வசதிகளுக்கு அந்த 32 பிட்டில் இடமில்லை. அதனால் பல சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் வழக்கமாக வரிசை நிரம்பும்போதுதான் இதைக் கையில் எடுக்கிறது.

சர்வருக்கு வரும் இணைப்புக் குழாயே அடைத்துக்கொண்டால் இந்த வித்தை உதவாது. 2018 பிப்ரவரி 28 அன்று நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் கொட்டியது. போக்குவரத்தை வேறொரு பெரிய வலையமைப்புக்குத் திருப்பி, அங்கே வடிகட்டித்தான் சில நிமிடங்களில் மீண்டார்கள். அந்தத் தாக்குதலுக்கும் அடிப்படை பொய் முகவரிதான்: கிட்ஹப் கேட்டதுபோல் வேறு சர்வர்களிடம் கேட்டு, அவற்றின் பெரிய பதில்களை அதன் தலையில் கொட்டவைத்தார்கள்.

தன் வாடிக்கையாளரிடமிருந்து வேறு யாருடைய முகவரியோடாவது பொட்டலம் கிளம்பினால், இணையச் சேவை நிறுவனமே வாசலில் தடுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2000-லேயே வந்துவிட்டது. தடுக்கும் வேலை ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. அதனால்தான் இன்னும் எல்லா வலையமைப்புகளும் அதைச் செய்யவில்லை.