பிளாக் பேன்: தமிழில் 'கையாள மறுப்பு'

ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களில் புழங்கும் சொல் பிளாக் பேன். ஒரு கப்பலையோ சரக்கையோ சங்கம் 'பிளாக்' என்று அறிவித்துவிட்டால் உறுப்பினர் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் மற்றக் கப்பலில் வேலை நடக்கும். பிரிட்டனில் இதற்குப் பிளாக்கிங் என்று பெயர். அமெரிக்காவில் அப்படி விலக்கிய சரக்கு ஹாட் கார்கோ. அதைத் தொட வேண்டாம் என்று முதலாளியோடு சங்கம் ஒப்பந்தம் போடுவதையே 1959இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அது என்ன பிளாக்? வேலைநிறுத்தத்தை உடைக்க வருபவரை ஆங்கிலத்தில் பிளாக்லெக், அதாவது கறுப்புக் கால், என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தய மோசடிக்காரரைத் திட்டும் சொல்லாக இருந்து, அடுத்த நூற்றாண்டில் ஆலைவாசலுக்கு வந்தது. நம் சங்க மேடைகளில் முழங்கும் 'கருங்காலி' இதைப் பார்த்து வார்த்த சொல் என்றே நினைக்கிறேன். கருங்காலி மரத்தில் கோடாலிக் காம்பு செய்வார்கள், அது தன் இனத்தையே வெட்டும், அதனால் வந்த பெயர் என்றும் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் காம்பும் மரத்தில் செய்ததுதானே, கருங்காலிக்கு மட்டும் ஏன் இந்தப் பழி? எப்படியோ, கருங்காலி தொட்ட சரக்கு என்பதிலிருந்து சங்கம் விலக்கிய எந்தச் சரக்கும் என்று 'பிளாக்' விரிந்ததாகத் தெரிகிறது.

சம்பளத் தகராறுக்குப் பிறந்த இந்த ஆயுதத்தைப் போருக்கு எதிராகவும் தொழிலாளர்கள் திருப்பினார்கள். 1920 மே மாதம் லண்டன் துறைமுகத்தில் ஜாலி ஜார்ஜ் என்ற கப்பலில் ஆயுதம் ஏற்ற மறுத்தார்கள். சோவியத் ரஷ்யாவோடு போரிட்டுக்கொண்டிருந்த போலந்துக்குப் போக வேண்டிய ஆயுதம் அது.

இன்னும் கடுமையாக நடந்தது ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளாவில். 1938 நவம்பரில் டால்ஃப்ரம் என்ற கப்பலில் ஜப்பானுக்குப் பிக் அயர்ன் எனும் கச்சா இரும்பு ஏற்ற வேண்டும். சீனாவின் நான்ஜிங் நகரில் ஜப்பான் ராணுவம் நடத்திய படுகொலைக்கு ஓராண்டுகூட ஆகவில்லை. இந்த இரும்பு குண்டாகிச் சீனர்கள் தலையில் விழும், நாளைக்கு நம் தலையிலும் விழலாம் என்று சொல்லித் தொழிலாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். சட்ட அமைச்சராக இருந்த ராபர்ட் மென்சீஸ், உரிமம் வாங்கினால்தான் துறைமுகத்தில் வேலை என்ற சட்டத்தைக் காட்டி மிரட்டினார். அந்தச் சட்டத்துக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'நாய்க் கழுத்துப்பட்டை'. டிசம்பரில் இரும்பாலையே மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். சிட்னியின் சீனர்கள் காய்கறியும் பழமும் அனுப்பினார்கள். பத்து வாரத்துக்குப் பிறகு, எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு அந்தச் சரக்கை ஏற்றிக்கொடுத்தார்கள். தோல்விதான் என்று சொல்லலாம். ஆனால் சில மாதத்திலேயே பிரதமரான மென்சீஸுக்கு 'பிக் அயர்ன் பாப்' (பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம்) என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தபோது, அதை மீண்டும் பிடிக்கக் கிளம்பிய டச்சுக் கப்பல்கள் மீது ஆஸ்திரேலியச் சங்கங்கள் பிளாக் பேன் விதித்தன. அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளும் இறங்கிப் போய்விட்டார்கள். பின்னால் 1970களில் சிட்னியின் கட்டடத் தொழிலாளர்கள் மரங்களை வெட்டவும் பழைய குடியிருப்புகளை இடிக்கவும் மறுத்தபோது, அதைப் பிரித்துக்காட்டக் 'கிரீன் பேன்' என்ற சொல் பிறந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கறுப்புத் தடை' என்றால் கள்ளச்சந்தை நினைவு வரும். கறுப்பு என்றால் கெட்டது என்ற வழக்கை நாமும் ஏன் வளர்க்க வேண்டும்? 'புறக்கணிப்பு' வாங்குபவருக்கும் வாக்காளருக்கும் பொருந்தும் பொதுச்சொல். 'பகிஷ்கரிப்பு' இலங்கைத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அங்கே பணிப்பகிஷ்கரிப்பு என்றால் வேலைநிறுத்தமே. 'தொடாமை' பக்கம் போகவே வேண்டாம், தீண்டாமை வந்து நிற்கும். 'ஏற்ற மறுப்பு' கப்பலோடு முடிந்துவிடும். 1974இல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு ரோல்ஸ் ராய்ஸ் தொழிலாளர்கள், ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்த சிலியின் விமானப்படையுடைய போர்விமான எஞ்சின்களைப் பழுதுபார்க்க மறுத்தார்கள். 2003 ஜனவரியில் மதர்வெல் ரயில் ஓட்டுநர்கள் இராக் போருக்கான வெடிபொருள் ரயிலை ஓட்ட மறுத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொருந்துவது 'கையாள மறுப்பு'. போரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'போர்ச்சரக்கு மறுப்பு'.

2024 பிப்ரவரியில் இந்தியாவின் 11 பெருந்துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்தது. இதற்கு 'துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம்' என்று தலைப்பு வைத்தால் செய்தியே மாறிவிடும். அவர்கள் விலக்கியது ஆயுதத்தை மட்டும்தான். நிலக்கரியும் உரமும் வழக்கம்போல இறங்கும்.