நாய்க்கு ஈஸ்ட் தொற்று: குளிப்பாட்டியும் வாடை போகவில்லையா?

குளிப்பாட்டி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் அதே புளித்த வாடை. தோலைத் தடவினால் கையில் பிசுக்கு ஒட்டுகிறது. நாய் விடாமல் பாதத்தை நக்குகிறது, காதைச் சொறிகிறது. சுத்தம் போதவில்லை என்று நினைத்து ஷாம்பு மேல் ஷாம்பு மாற்றுகிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை சுத்தத்தில் இல்லை.

இதற்குக் காரணம் மலாசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் என்கிற ஈஸ்ட், அதாவது ஒரு நுண்ணிய பூஞ்சை. இது வெளியிலிருந்து தொற்றி வருவதல்ல. நல்ல ஆரோக்கியமான நாயின் காதிலும், உதட்டோரத்திலும், விரல் இடுக்கிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தோலில் எண்ணெய்ப்பசையும் ஈரமும் கூடும்போதும், தோலின் தடுப்புச் சுவர் பலவீனப்படும்போதும் அது கட்டுமீறிப் பெருகுகிறது. அதனால் "ஈஸ்டை எப்படி ஒழிப்பது?" என்பதோடு "இப்போது ஏன் பெருகியது?" என்பதையும் கேட்டாக வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: காதின் உள்மடல், கழுத்தின் அடிப்பக்கம், அக்குள், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, ஆசனவாயைச் சுற்றி, முக மடிப்புகள். முதலில் சிவக்கும், அரிக்கும். மாதக்கணக்கில் விட்டால் தோல் தடித்துச் சுருங்கிக் கறுத்துவிடும், முடி கொட்டும். நகத்தின் அடிப்பகுதியில் பழுப்புக் கறை படிவதை முக்கியமாகக் கவனியுங்கள். வெள்ளை முடி பழுப்பாவது வெறும் எச்சில் கறையாக இருக்கலாம். ஆனால் நகக்கண்ணே பழுப்பேறி, சுற்றியுள்ள சதை வீங்கியிருந்தால் ஈஸ்டைச் சந்தேகிக்க வேண்டும். காதில் என்றால் கரும்பழுப்பு நிறத்தில் மெழுகு போன்ற அழுக்கு சேரும்.

ஆனாலும் கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ முடிவுக்கு வரக்கூடாது. பாக்டீரியா தொற்றும் சொறிப்பூச்சியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பாக்டீரியாவும் ஈஸ்டும் சேர்ந்தே இருப்பதும் சகஜம். பரிசோதனை எளிது: ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்போம். நிலக்கடலை வடிவத்தில் ஊதா நிற ஈஸ்ட் செல்கள் தெரியும். சில நிமிட வேலை. வழக்கமாகக் கல்ச்சர் பரிசோதனை (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) தேவைப்படாது. சாதாரணத் தோலிலும் இருக்கும் உயிரி என்பதால், வளர்ந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்று: சில நாய்களுக்கு இந்த ஈஸ்டே ஒவ்வாமை. அவற்றுக்குக் கொஞ்சம் செல்கள் இருந்தாலே தாங்க முடியாத அரிப்பு வரும்.

சிகிச்சையில் முதலிடம் குளியலுக்குத்தான். 2% குளோர்ஹெக்ஸிடினும் (கிருமிநாசினி) 2% மைகோனசோலும் (பூஞ்சை மருந்து) சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. உலகக் கால்நடைத் தோல் மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலிலும் வலுவான ஆதாரம் இதற்கே. 3% குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு அடுத்த தேர்வு.

நல்ல ஷாம்புவும் வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் நேரம். நுரைத்ததும் அலசிவிடுகிறார்கள். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் தோல் வரை நனையுங்கள். பிசுக்கு அதிகமென்றால் எண்ணெய் நீக்கும் ஷாம்பு போட்டு ஒருமுறை அலசிவிடுங்கள்; பிசுக்குப் படலத்தைத் தாண்டி மருந்து தோலைத் தொடாது. பிறகு மருந்து ஷாம்புவை மோசமான இடங்களிலிருந்து தொடங்கித் தேயுங்கள். உடல் முழுக்கத் தேய்த்து முடித்த பிறகே கடிகாரத்தைப் பாருங்கள்: பத்து நிமிடம். அதுவரை நக்க விடக்கூடாது. குளோர்ஹெக்ஸிடின் கண்ணிலும் காதுக்குள்ளும் போகக்கூடாது. நன்றாக அலசி, விரல் இடுக்கையும் மடிப்புகளையும் ஈரமில்லாமல் துவட்டுங்கள். குறைந்தது மூன்று வாரம் இப்படி. ஒரே வாரத்தில் வாடை குறையும். பலர் அங்கேயே நிறுத்துவதால்தான் அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள்.

உடல் முழுக்கப் பரவியிருந்தாலோ, குளிப்பாட்டவே முடியாத நாய் என்றாலோ பூஞ்சைக்கு எதிரான மாத்திரை. இட்ரகோனசோல் கிலோவுக்கு 5 மி.கி., தினம் ஒருமுறை அல்லது வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள், உணவோடு. கீட்டோகோனசோலும் வேலை செய்யும். வாந்தி, பசியின்மை, கல்லீரல் பாதிப்பு, வேறு மருந்துகளோடு மோதல் ஆகியவற்றை எண்ணியே கொடுக்க வேண்டும். இவற்றை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

காதுக்கு எந்த மருந்து விடும் முன்பும் செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாய் தலையைச் சாய்த்து வைத்திருந்தாலோ தள்ளாடினாலோ வீட்டில் எதையும் ஊற்ற வேண்டாம். செவிப்பறை சரியாக இருந்தால், காது சுத்தம் செய்யும் திரவத்தை நிரப்பி, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வர வேண்டும். நாய் தலையை உதறட்டும். வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்து, சற்றுக் காய்ந்த பின் மருந்து விடுங்கள். காது குடையும் பட்ஸ் வேண்டவே வேண்டாம். நாயின் காதுக் குழாய் கீழிறங்கி உள்நோக்கி வளைவதால் அது அழுக்கை உள்ளேதான் தள்ளும்.

வீட்டு வைத்தியத்தில் டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. புண்ணான தோலில் வினிகர் எரியும். மனிதருக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிக் காட்டும், தோலை மெலிய வைக்கும். நாய் அதை நக்கியும் விழுங்கும். ஆன்டிபயாட்டிக் ஈஸ்டைத் தொடாது. சோறும் மாவுச்சத்தும் தோலில் ஈஸ்டை வளர்க்கும் என்ற பேச்சுக்கும் நல்ல ஆதாரம் கிடையாது. உணவு ஒவ்வாமை வேறு விஷயம். அது பெரும்பாலும் புரதத்தால் வருவது.

இனி அந்த "ஏன்". ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கினால் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிப்போம். தெள்ளுப்பூச்சியை முழுதாகக் கட்டுப்படுத்திவிட்டு, எட்டு வாரம் கண்டிப்பான உணவுச் சோதனை (நாய் இதுவரை சாப்பிடாத புரதம் கொண்ட உணவு மட்டும் கொடுத்துப் பார்ப்பது) நடத்துவோம். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை கெட்டது. ஏழெட்டு வயதில் முதன்முறை வந்தால் தைராய்டு குறைபாடு, குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுவது) இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். எடை கூடுகிறதா, சோர்ந்து கிடக்கிறதா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாசெட் ஹவுண்ட், காக்கர் ஸ்பானியல், ஷிட்சு, வெஸ்ட் ஹைலாண்ட் டெரியர் போன்ற இனங்களுக்கு வாய்ப்பு இயல்பாகவே அதிகம்.

வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றுமா? ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவப் பணியாளர்களின் கைகள் வழியாக இந்த ஈஸ்ட் பரவியதாக 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பணியாளர்கள் வீட்டு நாய்களிடமும் அது இருந்தது. எனவே கைக்குழந்தையோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ வீட்டில் இருந்தால், நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் டேப் பரிசோதனையை மறுபடி எடுங்கள். ஈஸ்ட் போயும் அரிப்பு குறையவில்லை என்றால், ஷாம்புவைக் கூட்டாமல் ஒவ்வாமைக்கான சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.