ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு மாத மாத்திரை

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் என் பெரியம்மாவுக்கு 66 வயது. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸியில் தெரிந்தது. மதுரை டாக்டரோ உடனே ஆபரேஷன் என்று சொல்லவில்லை. தினம் ஒரு லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம், ஆறு மாதம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கேட்டார்: "கட்டிய உள்ளயே வச்சுக்கிட்டு மாத்திரை முழுங்கச் சொல்றாங்களே, கைவிட்டுட்டாங்களா?"

இல்லவே இல்லை. இதுவும் சிகிச்சைதான்.

அவருடைய ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ், 8/8' என்று இருந்தது. அதாவது, அந்தப் புற்றுசெல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் வந்து அதில் ஒட்டியதும் 'பெருகு' என்று மரபணுக்களுக்கு உத்தரவு போகும். 1896-லேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பையை அகற்றியதும் மார்பகக் கட்டி சுருங்கியதை எழுதிவைத்தார். ஏற்பி என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

சரி, மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவருக்கு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வரும்? சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. கொழுப்பிலும் மார்பகத்திலும் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. லெட்ரோசோல் முடக்குவது இந்த நொதியைத்தான். விசைப்படகு ஓட்டும் தம்பிக்கு இப்படிச் சொன்னேன்: ஏற்பியை மறிக்கும் டமாக்சிஃபென் என்ற இன்னொரு மாத்திரை படகின் டேங்க் வாயை அடைக்கிறது, லெட்ரோசோல் டீசல் பங்கையே மூடிவிடுகிறது.

மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது. அவர்களுடைய சினைப்பையையும் ஊசி போட்டு அடக்க வேண்டும்.

பலன் மெதுவாகத்தான் தெரியும். நாலைந்து மாதமாவது ஆகும். பல பேருக்குக் கட்டி சுருங்கும். மார்பகம் முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வழி பிறக்கும். ரொம்பவே சுருங்கிவிட்டால் அறுக்கும்போது இடம் தெரியாதே? அதற்காக முன்கூட்டியே கட்டிக்குள் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை வைக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. சிலருக்குக் கட்டி அசையாது, வளரவும் செய்யலாம். அதனால் இடையிடையே அளந்து பார்ப்பதைத் தவறவிடக் கூடாது.

மாத்திரைக்கு விலையும் உண்டு: மூட்டுவலி, எலும்புத் தேய்மானம். காலையில் பெரியம்மாவுக்கு விரல் மடங்காது. பாறையில் பாசி பறித்த வலி என்று நினைத்து இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. சொன்ன பிறகுதான் டாக்டர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்.

ஆறாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. கட்டியை மட்டுமே எடுத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. மாத்திரையை மட்டும் இன்னும் ஐந்து வருடம் போட வேண்டும். காலைக் கஞ்சி குடித்ததும் அவரே ஞாபகமாக எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.