பிறர் வீட்டுக் கடனுக்கு ஜாமீன்: கையெழுத்துப் போடுவதற்கு முன் அறிய வேண்டியவை

சேலத்தில் வழக்கறிஞராகப் பணிபுரியும் என்னிடம் வங்கியின் பதிவுத் தபாலோடு வருபவர்களில் கணிசமானோர் கடன் வாங்கியவர்கள் அல்லர். வாங்கியவருக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் மாமா" என்று சொல்லி வாங்கியதாகவே பெரும்பாலோர் கூறுவர். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், பென்சிலால் புள்ளி வைத்த இடங்களில் எல்லாம் அவர்களின் ஒப்பம் இருக்கும். ஒவ்வோர் ஒப்பத்துக்கும் கீழே 'ஜாமீன்தாரர்' என்று தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். சாட்சிக்குப் பணப்பொறுப்பு எதுவும் கிடையாது. ஜாமீன்தாரருக்கு முழுக் கடனும் பொறுப்பு.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடப்படாத வரை கடன்தாரரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே என்கிறது. 'முதலில் அவன் வீட்டை ஏலம் விடட்டும், குறைந்தால் என்னிடம் வரட்டும்' என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது; கடன்தாரரைத் துரத்தி முடித்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு பேர் ஜாமீன் போட்டிருந்தால் தமக்குப் பாதிதான் என்று நம்புவதும் தவறு. அந்தச் சமபங்கு ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது; வங்கி முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

சூரமங்கலத்தில் வசிக்கும் ரயில்வே ஊழியர் ஒருவர், ஓமலூர் அருகே வீடு கட்டிய தங்கை மகனுக்கு ஜாமீன் நின்றிருந்தார். அந்தப் பையன் நடத்திய வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை குறைந்து தவணைகள் நின்றபோது, மாமாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு அவன் மறைத்துவிட்டான். மகளின் கல்விக் கடனுக்காக வங்கிக்குச் சென்ற அன்றுதான், தமது கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்த வீட்டுக் கடனும் அதன் நிலுவை நாட்களும் ஏறியிருப்பது அவருக்குத் தெரியவந்தது. ஜாமீன் நின்ற கடன் நம் கணக்கிலும் பதிவாகிறது என்பதை இன்றும் பலர் அறியவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் நெருங்கிய நிலையில், தம்மிடம் இருந்த நகைகளை அடகு வைத்து நிலுவையைக் கட்டினார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

'ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டான், இனிப் பெரிதாக ஒன்றும் இருக்காது' என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 16 லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தாலும், அசலில் குறைந்திருப்பது சுமார் 3.4 லட்சம்தான், 26.6 லட்சம் அப்படியே நிற்கும். பத்தாவது ஆண்டின் முடிவிலும் 21 லட்சத்துக்கு மேல் பாக்கி இருக்கும். நீங்கள் ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் இந்தப் பொறுப்பு தொடரக்கூடும். இடையில் நீங்கள் காலமானால், நீங்கள் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடமும் அது செல்லும்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன் பின், வாராக்கடன் வசூலுக்கான 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அச்சட்டத்தில் 'கடன்தாரர்' என்ற சொல்லே ஜாமீன்தாரரையும் உள்ளடக்கியது. கையெழுத்துடன் சேர்த்து உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் அடமானமாகக் கொடுத்திருந்தால், வழக்குத் தொடராமலேயே வங்கி அந்த வீட்டைக் கையகப்படுத்த முடியும். கையெழுத்து மட்டும் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ வங்கி செல்ல வேண்டும். அங்கு ஆணை பெற்றால் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜப்தி செய்யலாம். ஆகவே கையெழுத்தே போட்டாலும், குடியிருக்கும் வீட்டின் மூலப்பத்திரத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

இணைக் கடன்தாரராகச் சேர்வது வேறு வகை. அங்கு நீங்கள் ஜாமீன்கூட அல்லர், முதல் நாளிலிருந்தே கடனாளி. வீட்டின் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் வரிச்சலுகையும் கிடைக்காது, சொத்துரிமையும் கிடைக்காது.

உறவில் ஒருவர் கேட்கும்போது மறுப்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். ஆயினும், அந்தத் தவணையை உங்கள் சம்பளத்திலிருந்து ஓராண்டு கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கேட்பவரின் வருமானம் எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள்: ஏற்காட்டில் காப்பியையும் மிளகையும் நம்பி வீடு கட்டுபவருக்குப் பணம் அறுவடையை ஒட்டித்தான் கைக்கு வரும், தவணையோ மாதந்தோறும் வரும். இயலாது என்று தோன்றினால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கைமாற்றாகக் கொடுப்பதே இருவருக்கும் நல்லது என்பது என் கருத்து.

போடுவது என்று முடிவெடுத்தால், கடன்தாரர் தவணைக் காலம் முழுமைக்கும் ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்னர் கூடுதல் கடன் தந்தாலும் தவணைக் காலத்தை நீட்டினாலும் உங்கள் சம்மதம் தேவையில்லை என்ற வாசகம் பெரும்பாலான படிவங்களில் இருக்கும். அதை அடித்து நீக்கித் தருமாறு கேளுங்கள், மறுத்தால் அதை அறிந்தே கையெழுத்திடுகிறீர்கள் என்றாவது தெரிந்திருக்கும். நிரப்பாத படிவத்தில் ஒப்பமிடாதீர்கள். நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைத் தவறாமல் எடுத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டு இப்போது கட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், பணத்தைக் கடன்தாரர் கையில் கொடுக்கவே கூடாது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அந்தக் கடன் கணக்கில் செலுத்தி, ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டுவதாகக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் வங்கியின் முத்திரை பெறுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆவது பிரிவின்படி அந்தத் தொகையைக் கடன்தாரரிடமிருந்து கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் முழுவதையும் நீங்களே தீர்த்தால், அதற்கு ஈடாக வங்கி வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தின் மீதான உரிமையும் 140, 141ஆவது பிரிவுகளின்படி உங்களுக்கு வரும். அந்த முத்திரையிட்ட நகல்தான் பின்னாளில் நீதிமன்றத்தில் உங்கள் முதல் சான்று.